மூடினால் எழாதது

முப்பத்தேழில் நின்றுவிட்டது. கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே முப்பத்தேழு சதவீதம் என்று ஓர் எண், அதற்கும் கீழே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தளவாய் அந்த வரியை இதுவரை நாற்பது தடவையாவது வாசித்திருப்பார். வாசிக்க வாசிக்க அது எச்சரிக்கையாக இல்லாமல், யாரோ காதருகில் வந்து சொல்கிற குத்தல் பேச்சாக மாறிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. முப்பத்தேழுக்கு வந்து நாலு நிமிடமா, ஆறு நிமிடமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் எதையும் நேரம் குறிக்காமல் தொட்டதில்லை, இன்றைக்கு அதையும் மறந்தாயிற்று. மடிக்கணினி அவருடையது என்றால் இவ்வளவு இல்லை. இது கீழ்வீட்டு சபுராவுடையது. பள்ளிக்கூட உரைநூல் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள், சொந்தமாக மெஷின் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அங்கே வேலை. காலை பத்தரை மணிக்குப் படியேறி வந்தாள், எப்போதும் போலக் கணினியைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கொதிக்கிற ரசத்தைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவருகிறவள் மாதிரி கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு. புதிதாக வாங்கிய பிரின்டரை, அந்தக் கணினியை ஓட்டுகிற லினக்ஸ் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் அவள் சொன்னது. “அத மட்டும் பாருங்க சார். வேற எதுலயும் கைய வைக்காதீங்க, பன்னெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பத்து நிமிடத்தில் பிரின்டர் பேசிவிட்டது. அதோடு மூடி வைத்திருக்கலாம். மூட முடியாதே, அதுதானே எல்லாவற்றுக்கும் காரணம். அந்தக் கணினியை மூடினால் அப்புறம் எழாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே கிடக்கும். பொத்தானை அமுக்கிக் கொன்றுதான் மறுபடி எழுப்ப வேண்டும், சேமிக்காத பக்கமெல்லாம் போய்விடும். பெருநாளைக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி தூசி விழுகிறதே என்று நல்ல எண்ணத்தில் மூடி வைத்து, அரைநாள் வேலை போன கதையை சபுரா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ரெண்டு வருடமாக அது மூடாமல் கிடக்கிறது. தூங்காத பிள்ளையை வைத்திருக்கிற தாய் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டே அறைக்கு அறை அலைகிறாள். லினக்ஸை அதில் போட்டுக் கொடுத்தவர் தளவாய்தான். அந்தக் குறை அவர் கணக்கில்தான் கிடந்தது. இன்றைக்குப் பிரின்டர் வேலை முடிந்த கையோடு மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது. கணினியைச் செய்த கம்பெனி புது ஃபர்ம்வேர் விட்டிருக்கிறது. மூடியபின் எழாத கோளாறு சரிசெய்யப்பட்டது என்று குறிப்பில் மூன்றாவது வரி. அந்த மூன்றாவது வரியைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று ஒரு தடவை மனைவி வடிவு கேட்டாள். லினக்ஸ் என்கிறது வீட்டுக்குக் குடிவருகிறவன் மாதிரி, இது அஸ்திவாரம் மாதிரி. பொத்தானை அமுக்கினதும் முதலில் கண் விழிக்கிறது இதுதான், இது விழித்து மற்றவர்களைத் தட்டி எழுப்பும் என்று இவர் விளக்கினார். “அப்ப அதுவும் என்னைய மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு அவள் இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டாள். குடிவந்தவனை மாற்றலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துப் போடலாம், அது ஆபத்தில்லை. அஸ்திவாரத்தைக் குடியிருக்கும்போதே மாற்றிக் கட்டுகிற வேலை இது. பாதியில் நின்றால் விழிக்கிறதற்கு ஆளே இல்லை. போர்டு டெட். பக்கங்களைப் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டார், அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. ஆனால் பக்கத்தை வைத்துக்கொண்டு மெஷின் இல்லாமல் அவள் என்ன செய்வாள்? அதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்திருந்தார். பேட்டரி இருபத்தைந்து சதவீதத்துக்கு மேலே இருந்தால்தான் தொடங்குவேன் என்று ஃபர்ம்வேர் ஏற்றுகிற கருவி மறுத்தது. சபுராவின் பேட்டரி கிழடு, எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் ஒன்பதைத் தாண்டாது. சோதிக்காமல் செய் என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஏவினார், லினக்ஸ் செய்துவிட்டது. அதன் குணமே அப்படி. நீ பெரிய மனுஷன், உனக்குத் தெரியாதா என்று வழிவிட்டுவிடும். அந்தக் குணம் பிடித்துத்தான் இருபது வருடத்துக்கு முன்னால் அதனிடம் போய் விழுந்தார். யாரும் சொல்லித்தரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரோ எந்த நாட்டிலோ எழுதிய கேள்வி பதில்களை வரி வரியாக வாசித்துப் படித்தது. முதல் கணினியில் வைஃபை வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கிற சிப்பைச் செய்தவன் லினக்ஸுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதனால் கூடத்திலிருந்து படுக்கை அறை வரைக்கும் நீலக் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துக் கட்டினார். மறுநாள் பார்த்தால் அதில் ஈரத் துண்டு காய்கிறது. “இப்பதான் இந்த வீட்டுல உங்க கம்ப்யூட்டரால ஒரு பிரயோசனம்” என்றாள் வடிவு. அடுத்த கணினி வாங்கப் போனபோது எந்தெந்தச் சிப் ஒத்துப்போகும் என்று அச்சடித்த நாலு தாளோடு கடைக்குப் போனார், கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜாதகம் பாத்துத்தான் பொண்ணு எடுப்பீங்களோ என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வடிவு, “அந்தப் பொருத்தம் பாத்துத்தான் எங்க வீட்டுலயும் ஏமாந்தாங்க” என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். அவள் கடையை விட்டு இறங்கும்போது படியில் ஒரு கணம் நின்று முழங்காலைப் பிடித்ததை அன்றைக்குப் பார்த்தாரா, பிற்பாடு யோசித்துச் சேர்த்துக்கொண்டாரா என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஓடுகிற எதையும் இவரால் சும்மா விட முடிந்ததில்லை. ரேடியோவை, தையல் மெஷினை, மிக்சியை, அவள் காலை. எதற்கும் வடிவு சொன்னது ஒன்றேதான். நடக்குதுல்லா, விடுங்களேன். நடக்குதுல்லா, விடுங்களேன். எதை நினைத்தாலும் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும், கீறல் விழுந்த இசைத்தட்டில் முள் தடுக்குகிற மாதிரி. தளவாய் கண்ணைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். முப்பத்தெட்டு. அப்பாடா. அசைகிறது. உயிர் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வந்தபோது வீடு சட்டென்று பெரிதாகிவிட்டதைப் போல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது, குழல்விளக்கு எரிகிறது, தெருவில் பழவண்டிக்காரர் கொய்யாவைக் கூவிக்கொண்டு போகிறார். எல்லாம் இருந்தபடியே இருக்கிறது, ஆனால் எதுவோ ஒன்று இல்லை. பிறகுதான் தெரிந்தது, சமையலறையில் ஃபிரிஜ் பேசவில்லை. கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் தன்பாட்டில் ஏற்றுக்கொண்டதால் விசிறி ஒரு சுற்றுக்கூடத் தயங்கவில்லை. மேஜைக்கு அருகிலிருக்கிற பிளக்குக்கு இன்வெர்ட்டர் கிடையாது. விசிறிக்கும் விளக்குக்கும் போதும் என்று அந்த நாளில் எல்லா வீட்டிலும் போட்டபடிதான் இவரும் போட்டார். அப்படியென்றால் கணினி இப்போது அந்த ஒன்பதில் ஓடுகிறது. ஒன்பது என்பது எட்டு நிமிடமா, மூன்று நிமிடமா? கிழட்டுப் பேட்டரியின் பேச்சை நம்பக் கூடாது, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே படுத்துவிடும். நீள ஒயர் பெட்டி எங்கே? சபுராவிடம். போன மாதம் இரவல் கொடுத்தது. ஓடிப்போய் வாங்கலாம், ஆனால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்ல, உன் மெஷினைக் கேட்காமல் அறுத்துப் போட்டிருக்கிறேன், பாதியில் கரண்ட் போய்விட்டது என்றா? வீட்டில் இன்வெர்ட்டர் பிளக் ஒன்றே ஒன்று இருக்கிறது. படுக்கை அறையில், கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக. அதைப் போடச் சொன்னதே இவர்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் காலுக்கு வெந்நீர்ப் பை, மேஜை விளக்கு, போன் சார்ஜர், எதற்கும் அவள் எழுந்திருக்கக் கூடாது என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முன்கூட்டியே வைத்தது. வடிவு அந்தப் பிளக்கில் எதையும் செருகவில்லை. வீட்டுக்கு அவள் வந்த விதம் வேறு. மூன்று வருடமாகத் தளவாய் கட்டிலுக்கு இந்தப் பக்கமே ஏறி இந்தப் பக்கமே இறங்குகிறார், பெருக்குகிற பெண்தான் அந்தப் பக்கம் போவாள். யோசிக்க நேரமில்லை. சார்ஜரைப் பிடுங்கித் தோளில் போட்டார். கணினியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். தூக்கினார். திறந்தபடியே, ஏந்தியபடியே, கண்ணைக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு, நிலைப்படியை வெறுங்காலால் தடவிக் கண்டுபிடித்துத் தாண்டினார். சபுரா ரெண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறாள் என்பது அந்தக் கூடத்தைக் கடக்கிற பதினைந்து அடியில் அவருக்குத் தெரிந்தது. மூடி தானாகச் சரிந்துவிடுமோ என்று கட்டைவிரலால் முட்டுக் கொடுத்தார். கட்டிலின் அந்தப் பக்கம் தரை கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. குனிந்து, உட்கார்ந்து, பிளக்கைத் தேடி, தூசியில் விரல் பட்டு, செருகினார். ஸ்விட்சைத் தட்டினார். கணினியின் விளிம்பில் ஊசிமுனையளவு வெள்ளை விளக்கு எரிந்தது. அறுபத்தொன்று.

கட்டிலின் அந்தப் பக்கத்தில், வடிவு படுக்கிற இடத்தில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு வானமும் தெரிகிறது. இவ்வளவு காலம் அவள் விழித்ததும் பார்த்தது இதைத்தானா? அறுபத்தெட்டு. எழுபத்து நாலு. இப்போது வேகமாகப் போகிறது, வேகமும் பயமாகத்தான் இருக்கிறது. நடக்குதுல்லா, விடுங்களேன் என்றாள். இவர் விடவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் அவள் நின்று மூச்சு வாங்குகிறதைப் பார்க்கச் சகிக்கவில்லை, எத்தனையோ பேர் மூட்டு மாற்றிக்கொண்டு ஓடியாடுகிறார்கள், நீ மட்டும் ஏன் என்று ஒன்றரை வருடம் அரித்தெடுத்தார். ஒரு நாள் சரி என்றாள். ஐந்தாம் நாள் காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள், ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும், யார் மேலும் தப்பில்லை என்றார்கள். உடலைக் கிடத்தியிருந்த துட்டி வீட்டில் அவள் அண்ணன் எல்லோருக்கும் நடுவில் சொன்னார், “சும்மா கெடந்த கால கத்தி வச்சிக் கிழிச்சி.” அதற்குமேல் சொல்லவேண்டியது எதுவும் இல்லை. அதன்பிறகு யார் கேட்டாலும், தானே தனக்குச் சொல்லிக்கொண்டாலும், கதை இந்த வழியில்தான் போகும்: நடக்குதுல்லா என்றாள், இவர் விடவில்லை, ஐந்தாம் நாள். ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே தாண்டு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு. நூறு. கோடு நிறைந்தது, நிறைந்ததும் திரை அணைந்தது. வெள்ளை விளக்கும் அணைந்தது. விசிறி நின்றது. மடியில் இருந்த சூடான பொருள் வெறும் கனமாகிவிட்டது. இது நடக்கும் என்று படித்திருக்கிறார். அஸ்திவாரம் போட்டு முடித்ததும் தன்னைத் தானே ஒரு தடவை அணைத்துக்கொண்டு எழும், தொடக் கூடாது, காத்திருக்க வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்சை விட்டுப் புது எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமைக் காலை இப்படித்தான் இருந்தது. எல்லா லைனிலும் இணைப்பு விழாமல் மரச்செருகு வைத்து, அத்தனையையும் நூலில் கோத்து, பொறியாளர் கையை ஆட்டியதும் நாலு பேர் நூலை ஒரே இழுப்பாக இழுத்தார்கள். பொலபொலவென்று மரத்துண்டு கொட்டியது. அதன்பிறகு ஊர் முழுக்க ஒரு போனிலும் சத்தம் இல்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கலெக்டர் வீடு எல்லாம் டெட். தளவாய்க்கு அப்போது இருபத்தொன்பது வயது, ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். பதினொரு நொடி. டயல் டோன் வந்தபோது யாரும் கைதட்டவில்லை, பக்கத்தில் நின்ற லைன்மேன் மட்டும் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதினொரு நொடியில் என்ன நினைத்தீர்கள் என்று அன்று வீட்டுக்கு வந்ததும் வடிவு கேட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை, காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன் என்றார். இப்போதும் காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்று தாண்டியது. இருபது தாண்டியது. ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, துண்டு வானம். ஆஸ்பத்திரியிலும் ஒரு ஜன்னல் இருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. அந்த ஜன்னலுக்குக் கட்டிலிலிருந்து எட்டடி. மூன்றாம் நாள் காலை ஃபிசியோ பெண் வாக்கரைக் கொண்டுவந்து நிறுத்தினாள், வடிவு அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இவர் தாங்க வந்த கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் வரைக்கும் நடந்தாள். நின்று மூச்சு வாங்கவில்லை. முழங்காலைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தபடி, இவர் பக்கம் திரும்பாமலே, “இத முன்னமே செஞ்சிருக்கலாம். நீங்க சொன்னதக் கேக்காம ஒண்ணர வருசத்த வீணாக்கிட்டேன்” என்றாள். பிறகு திரும்பி, “அதுக்காவ ரொம்பப் பெருமப்பட்டுக்கிடாதிய” என்றாள். தளவாய் எண்ணுகிறதை நிறுத்திவிட்டார். இது எங்கே இருந்தது இத்தனை நாள்? ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் மூன்று இருந்திருக்கிறது. நாலும் இருந்தது, நாலாம் நாள் வராந்தா முழுக்க இரண்டு தடவை நடந்துவிட்டு, அடுத்த அறைக்காரியிடம் ஆபரேஷன் ஒண்ணும் வலிக்காது, பயப்படாதீங்க என்று ஞாயம் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். துட்டி வீட்டில் அவள் அண்ணன் வாயைத் திறந்ததும் இந்த இரண்டு நாளும் ஓடிப்போய் எங்கோ ஒளிந்துகொண்டன போலிருக்கிறது. இவரும் தேடவில்லை. தேடினால் தனக்குச் சாதகமாகத் தேடினதாக ஆகிவிடும் என்று பயந்திருப்பார். அவள் போனது போனதுதான், அதை எந்த மூன்றாம் நாளும் மாற்றாது. ஆனால் நடந்தாள். வலியில்லாமல் ஜன்னல் வரைக்கும் நடந்தாள், நடந்துபோய் அவளாகவே சொன்னாள்.

மடியில் விசிறி முனகியது. முதலில் அது தன் மூச்சு என்றுதான் நினைத்தார். ஊசிமுனை விளக்கு எரிந்தது, கம்பெனியின் பெயர் வந்தது, பெயருக்குக் கீழே ஒரு வட்டம் சுற்றியது, அப்புறம் லினக்ஸின் வழக்கமான ஊதா நிறம் திரையெல்லாம் பரவி, சபுரா என்று பெயரும் கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டமும் வந்து நின்றன. தளவாய்க்கு எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்காகத்தானே எல்லாம். மூடியின் மேல் விளிம்பில் விரலை வைத்தார். ரெண்டு வருடமாக யாரும் செய்யாத காரியம். மெதுவாகக் கீழே இறக்கினார், சின்னதாக ஒரு சத்தத்தோடு அது படிந்தது, வெள்ளை விளக்கு மங்கி மூச்சு விடுகிற மாதிரி எரிந்து எரிந்து அணைந்தது. தூங்கட்டும். முப்பது வரைக்கும் எண்ண நினைத்து, பன்னிரண்டிலேயே வாசல் மணி அடித்தது. சபுரா சொன்னபடி வந்துவிட்டாள். சார்ஜரையும் பிடுங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர் கையில் மூடிக் கிடக்கிற கணினியைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை அவர் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டாள், யார் மூடினது என்று கேட்கிற குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. தளவாய் அவள் கண் முன்னாலேயே மூடியைத் தூக்கினார். ஒரு நொடி இருட்டு. பிறகு ஊதா, பிறகு அவள் பெயர். சபுரா கிட்டே வந்து அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையை நீட்டி மூடினாள், திறந்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி மூடினாள். கேட்காமல் செய்துவிட்டேன் என்று தளவாய் சொன்னார். பாதியில் கரண்ட் போனதையும், பேட்டரி போதாது என்று தெரிந்தே தொடங்கியதையும், போர்டு செத்திருந்தால் எழுப்பியிருக்க முடியாது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சார் சொல்லியிருப்பேன்” என்றாள் கடைசியில். தெரியும் என்றார் இவர். “இனிமே கேட்டுச் செய்ங்க. நா வேண்டாம்னு சொன்னா, இன்னொருக்காவும் கேளுங்க” என்றாள். ஒயர் பெட்டியை இப்போதே கொடுத்தனுப்புகிறேன் என்றும் சொன்னாள். கணினியைப் பழக்கத்தில் இரண்டு கையிலும் ஏந்தப் போனவள் நடுவில் நிறுத்தி, மூடியே இருக்கிற அதை நோட்டுப் புத்தகம் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சார்ஜரைத் தோளில் போட்டாள். தளவாய் கதவைச் சாத்தாமல் நின்றார். கீழே ஃபிரிஜ்கள் ஒவ்வொரு வீடாக முனக ஆரம்பித்தன, கரண்ட் வந்துவிட்டது. சபுரா படியிறங்கினாள், ஒரு கை கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் போக, கீழே பார்க்காமல், படிகளை இரண்டிரண்டாக.